அன்னா மே வோங்: 'வாய்ப்பு மறுக்கப்பட்டவர்' என்று சொல்லி முடித்துவிடலாமா?

கொட்டகை ராசா:

அந்தக் காலத்து ஹாலிவுட்டின் சீன-அமெரிக்க நடிகை அன்னா மே வோங் என்றதும் எல்லோரும் ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள். எம்ஜிஎம் பட நிறுவனம் 'த குட் எர்த்' எடுத்தபோது சீனக் குடியானவப் பெண் வேடத்தை இவருக்குக் கொடுக்காமல் ஐரோப்பாவிலிருந்து வந்த லூயிஸ் ரைனருக்குக் கொடுத்தார்கள், ரைனர் அதற்கு ஆஸ்கரும் வாங்கினார், பாவம் வோங். அதோடு சரி. நடந்தது உண்மைதான். ஆனால் அந்தப் படம் வந்தது 1937இல். அதற்கு முந்தைய பதினைந்து வருடங்களில் இந்த அம்மாள் திரையில் என்ன செய்தார் என்று பேச ஆளில்லை. இவருடைய நடிப்பின் உச்சம் மௌனப் படங்களில்தான், அதிலும் 1929இல் லண்டனில் எடுத்த 'பிக்கடில்லி'யில்தான் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம்.

தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. பிறந்தது 1905 ஜனவரி 3, லாஸ் ஏஞ்சலஸ். வீட்டில் வைத்த பெயர் லியு சோங். வோங் என்பது குடும்பப் பெயர். அப்பா வோங் சாம் சிங் சலவைக்கடை வைத்திருந்தார். அவரே கலிஃபோர்னியாவில் பிறந்தவர்தான், ஆக இவர் அமெரிக்காவில் மூன்றாம் தலைமுறை. பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டு, சாப்பாட்டுக் காசில் படம் பார்த்து வளர்ந்த பிள்ளை. அப்போது சைனா டவுன் தெருக்களில் அடிக்கடி படப்பிடிப்பு நடக்கும். இவர் போய் நின்று கேள்வி கேட்டே தொல்லை கொடுத்ததால் படக்குழுவினர் 'துருதுரு சீனக்குட்டி' என்கிற மாதிரி பட்டப்பெயர் வைத்தார்களாம். 1919இல் 'த ரெட் லான்டர்ன்' படத்துக்குச் சீன முகங்கள் நூற்றுக்கணக்கில் தேவைப்பட்டபோது கூட்டத்தில் ஒருவராக உள்ளே நுழைந்தார். அப்போது வயது 14. அப்பாவுக்குக் கடைசிவரை இது பிடிக்கவில்லை.

ரீல்பெட்டி:

நல்ல இழை. நீங்கள் பிக்கடில்லிக்குத் தாவுவதற்கு முன் 1922இன் 'த டோல் ஆஃப் த சீ' பற்றி நான் கொஞ்சம் சொல்லிக்கொள்கிறேன், ஏனென்றால் அது என் பேட்டை.

டெக்னிகலர் நிறுவனத்தின் இரண்டாவது முறையில் எடுத்த படம் அது. இவர்களுடைய முதல் முறைக்குத் தனிப் புரொஜெக்டர் வேண்டும், கூடவே அதைச் சரிபார்க்க ஓர் ஆளும் வேண்டும். எந்தக் கொட்டகைக்காரர் அதற்கு ஒத்துக்கொள்வார்? இந்த இரண்டாவது முறையில் கேமராவுக்குள் இருக்கும் பட்டகம் ஒளியைச் சிவப்பு, பச்சை என்று பிரித்து இரண்டு படமாகப் பதியும். பிரதி எடுக்கும்போது இரண்டு மெல்லிய பிலிம்களுக்குத் தனித்தனியாகச் சாயமேற்றி, முதுகோடு முதுகாக ஒட்டிவிடுவார்கள். சாதாரண புரொஜெக்டரிலேயே ஓடும். ஒரே கோளாறு, விளக்கின் சூட்டில் ஒட்டிய பிலிம் குழிந்து வளைந்துகொள்ளும், ஃபோகஸ் போய்விடும்.

நீலமும் மஞ்சளும் இந்த முறையில் சரியாக வராது. அதனால் படம் முழுக்க ஒரு செம்மையும் பசுமையும். அந்த நிறத்தில் 17 வயது வோங்கின் முகம். கதை, ஜப்பானில் நடக்கும் 'மேடம் பட்டர்ஃபிளை' ஓபராவைச் சீனாவுக்கு மாற்றியதுதான். கரை ஒதுங்கிய வெள்ளைக்காரனைக் காப்பாற்றுகிறாள், அவன் கல்யாணம் என்று சொல்லிக் குழந்தையைக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போகிறான், வெள்ளைக்கார மனைவியோடு திரும்பி வருகிறான். இவள் குழந்தையை அவர்களிடம் ஒப்படைத்துவிட்டுக் கடலில் இறங்குகிறாள். எழுதியவர் ஃபிரான்சிஸ் மரியன்.

அந்தக் கடைசிக் கட்டம் இப்போது இல்லை. இறுதி ரீல்கள் தொலைந்துவிட்டன. 1985இல் யூசிஎல்ஏ பல்கலைக்கழகத்தின் திரைப்பட ஆவணக் காப்பகம் படத்தைச் சீரமைத்தபோது, பழைய இரு நிற டெக்னிகலர் கேமரா ஒன்றைத் தேடியெடுத்துக் கடலில் சூரியன் மறைவதைப் புதிதாகப் படம்பிடித்துச் சேர்த்தார்கள்.

வைகைக்கரை:

தொழில்நுட்பம் எல்லாம் அருமை. ஆனால் கதையைப் பாருங்கள். கடைசியில் இவள்தான் சாக வேண்டும். ராசா அண்ணன் சொல்லும் பிக்கடில்லியிலும் சாவுதான். 'ஷாங்காய் எக்ஸ்பிரஸ்' தவிர எதில்தான் உயிரோடு விட்டார்கள்? நான் ஆயிரம் முறை செத்தவள் என்று அவரே கசப்பாகச் சொன்னதுண்டு. அப்படி இருக்கும்போது 'வாய்ப்பு மறுக்கப்பட்டவர்' கதையை எப்படி ஒதுக்க முடியும்?

நிலாமுற்றம்:

வைகை தம்பி, ஏன் சாகடித்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடு. திரைக்கதை ஆசிரியர்களின் கல்நெஞ்சம் மட்டும் காரணம் இல்லை.

கலிஃபோர்னியாவில் வெள்ளையரும் 'மங்கோலிய' இனத்தவர் என்று சட்டம் சொன்னவர்களும் கல்யாணம் செய்துகொள்ள முடியாது. அந்தத் தடையை மாநில உச்ச நீதிமன்றம் 1948இல்தான் நீக்கியது. திரையிலும் அதுவே. 1927இல் தயாரிப்பாளர் சங்கம் போட்ட 'செய்யக்கூடாதவை' பட்டியலில் இனக்கலப்பு இருந்தது. 1930இல் வந்த தயாரிப்பு நெறியில் எழுத்தளவில் வெள்ளையர், கறுப்பர் என்றுதான் இருக்கும். நடைமுறையில் ஆசியர்கள் மேலும் அதையே பிரயோகித்தார்கள். கதாநாயகன் வெள்ளைக்கார நட்சத்திரம். சீனர் வேடமாக இருந்தாலும் வெள்ளைக்காரர்தான் நடிப்பார். அவரை வோங் முத்தமிட முடியாது. முத்தமிட முடியாதவள் எப்படிக் கதாநாயகி ஆவாள்? ஆக, காதலித்துவிட்டு ஒதுங்க வேண்டும், இல்லாவிட்டால் கெடுதல் செய்துவிட்டு மாட்டிக்கொள்ள வேண்டும். இரண்டுக்கும் முடிவு சாவு.

1927இல் 'மிஸ்டர் வூ' வந்தது. லான் சேனி சீனராக வேடம் கட்டினார். கண்ணின் ஓரத்தை இழுத்துப் பிடிக்க மீன் தோல் ஒட்டிக்கொண்டார் என்பார்கள். மகளாக நடித்தவர் பிரெஞ்சுக்காரி ரெனே அடோரே. பக்கத்தில் துணை வேடத்தில் வோங். அடுத்த வருடம் 'த கிரிம்சன் சிட்டி'யில் மிர்னா லாய்க்குச் சீனப் பெண் வேடம். அங்கேயும் வோங் துணை நடிகைதான். பசை தடவிய முகத்துக்குப் பக்கத்தில் நிஜ முகத்தை நிறுத்திவைத்து எடுத்திருக்கிறார்கள். யாருக்கும் உறுத்தவில்லை பாருங்கள்.

கொட்டகை ராசா:

அக்கா சொன்னது எல்லாம் சரி. அதையே நான் வேறு பக்கத்திலிருந்து பார்க்கிறேன். 1924இன் 'த தீஃப் ஆஃப் பாக்தாத்' எடுத்துக்கொள்ளுங்கள். நாயகனும் தயாரிப்பாளருமான டக்ளஸ் ஃபேர்பேங்க்ஸ் கொட்டிய பணத்துக்கு அளவில்லை. வோங்குக்கு மங்கோலிய அடிமைப்பெண் வேடம், இளவரசியின் அறையில் வேவு பார்க்கும் சின்ன வேடம். இளவரசியாக நடித்தவர் யார் என்று இங்கே எத்தனை பேருக்குச் சட்டென்று பெயர் வரும்? ஜூலான் ஜான்ஸ்டன். படம் பார்த்தவர்களுக்கு நினைவிருப்பது வோங்கும், மங்கோலிய இளவரசனாக வந்த ஜப்பானியர் சோஜினும்தான். மற்றவர்கள் எல்லாம் அந்தக் கால வழக்கப்படி கையை வீசி, நெஞ்சைப் பிடித்து நடிக்கும்போது வோங் கண்ணை மட்டும் திருப்புவார். கேமராவுக்கு அவ்வளவு போதும் என்று அந்த வயதிலேயே தெரிந்து வைத்திருக்கிறார். யார் சொல்லிக்கொடுத்தது? திருட்டுத்தனமாகப் பார்த்த படங்கள்தான் என்று நினைக்கிறேன்.

அதே வருடம் சொந்தப் பெயரில் தயாரிப்பு நிறுவனம் தொடங்கினார், சீனக் கதைகளைத் தானே எடுக்க. கூட்டாளி நேர்மையில்லாதவர். தொடங்கிய வேகத்தில் மூடவேண்டியதாயிற்று.

கடைசி பெஞ்சு:

ஒரு சந்தேகம். இவ்வளவு நடந்தும் அமெரிக்காவிலேயே ஏன் இருந்தார்? வேறு எங்காவது போயிருக்கலாமே?

நிலாமுற்றம்:

போனாரே. 1928இல் பெர்லின். ஆனால் போவது அப்படி ஒன்றும் சுலபம் இல்லை. 1882இலிருந்து சீனர் விலக்குச் சட்டம் அமலில் இருந்தது. அமெரிக்க மண்ணில் பிறந்த குடிமகளே ஆனாலும், சீன வம்சம் என்றால் ஊரைவிட்டுக் கிளம்பும் முன் குடியேற்ற அலுவலகத்தில் விண்ணப்பம் போட்டு, விசாரணைக்குப் பதில் சொல்லி, திரும்பி வர அனுமதி வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். ஊரெல்லாம் சுவரொட்டியில் முகம் இருக்கும் நடிகையும் அதே வரிசைதான். அந்தச் சட்டம் 1943 டிசம்பரில்தான் போனது.

பெர்லினில் ரிச்சர்ட் ஐக்பெர்க் என்ற இயக்குநர் இவரை முழுநேரக் கதாநாயகியாக வைத்து எடுத்தார். முதல் படம் 'சாங்' (1928). அங்கே இவருக்குக் கிடைத்த மரியாதையே வேறு. ஜெர்மன் சிந்தனையாளர் வால்டர் பெஞ்சமின் நேரில் சந்தித்துப் பேசி, பத்திரிகையில் எழுதினார். ஆல்ஃபிரட் ஐசன்ஸ்டேட் எடுத்த ஒரு புகைப்படம் இணையத்தில் சுற்றுமே, ஒரு பெர்லின் விருந்தில் ஜெர்மன் நடிகை மார்லீன் டீட்ரிச், வோங், இன்னொரு ஜெர்மன் நடிகை லெனி ரீஃபன்ஸ்டால் மூவரும் சேர்ந்து நிற்பது. எடுத்த சமயத்தில் மூவரில் உலகப் புகழ் இருந்தது நடுவில் நிற்கும் வோங்குக்குத்தான். மற்ற இருவரும் அடுத்த சில வருடங்களில் எந்தெந்தப் பக்கம் போனார்கள் என்பது தனிக் கதை, இங்கே வேண்டாம்.

கொட்டகை ராசா:

இப்போது பிக்கடில்லி. கதையைச் சொல்லாமல் பேச முடியாது, பார்க்காதவர்கள் இந்தப் பதிவைத் தாண்டிப் போய்விடுங்கள்.

இயக்கம் இ. ஏ. டூபாண்ட், ஜெர்மானியர். கதை ஆர்னால்ட் பென்னட். லண்டனில் ஓர் ஆடம்பர நடன விடுதி. அங்கே மேபல் என்ற நாட்டியக்காரி, நடித்தவர் கில்டா கிரே. சுவரொட்டியில் முதல் பெயர் அவருக்குத்தான். ஒருநாள் சாப்பிட வந்த ஆள் தட்டில் அழுக்கு இருக்கிறது என்று கூச்சல் போடுகிறான் (அந்தச் சாப்பாட்டுராமன் சார்லஸ் லாட்டன், அவருக்கு மொத்தமே இரண்டு நிமிடம்தான், பிய்த்து உதறியிருப்பார்). தட்டு ஏன் அழுக்காக இருக்கிறது என்று முதலாளி தேடிக்கொண்டு போகிறார். சமையலறை, அதையும் தாண்டிப் பாத்திரம் கழுவும் இடம். அங்கே வேலையை விட்டுவிட்டு எல்லோரும் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறார்கள். மேசைமேல் ஷோஷோ (நம்ம வோங்தான்) ஆடிக்கொண்டிருக்கிறாள்.

அந்த ஆட்டத்தைப் பாருங்கள். காலுறையில் ஓட்டை. இடுப்பு மட்டும் மெதுவாக அசைகிறது. யாருக்காகவும் ஆடவில்லை, தனக்காக ஆடுகிறாள். முதலாளி வந்ததைக் கண்டதும் பதறி இறங்குவதும் இல்லை.

வேலை போகிறது. பிறகு அதே முதலாளி மேடையில் ஆடக் கூப்பிடுகிறார். அப்போது நடக்கும் பேரத்தைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பேன். என்ன உடை, எந்தக் கடையில் வாங்குவது, வாத்தியம் யார் வாசிப்பது எல்லாம் அவள்தான் சொல்கிறாள். லண்டனில் சீனர்கள் வாழ்ந்த லைம்ஹவுஸ் பகுதிக் கடையில் விலை கேட்டு முதலாளி தயங்கும்போது இவள் முகத்தில் ஒரு சின்ன அலுப்பு வரும் பாருங்கள். வசனம் காட்டும் எழுத்து அட்டையே தேவையில்லை.

வைகைக்கரை:

அண்ணே, நீங்கள் ரசிப்பதை நானும் ரசித்தேன். ஆனால் எடுத்தவர்கள் யாருக்காக எடுத்தார்கள்? கிழக்கத்திய மாயக்காரி வெள்ளைக்கார விடுதிக்குள் நுழைந்து குடும்பத்தைக் கெடுக்கிறாள், கடைசியில் செத்துப்போகிறாள். சுட்டவன் யாரென்றால் அவள் ஊர்க்காரன் ஜிம். வெள்ளைக்காரர்கள் கை சுத்தம். முதலாளியும் ஷோஷோவும் முத்தமிடப் போகும்போது காட்சியை வெட்டிவிடுகிறார்கள். லண்டனுக்குப் போயும் அமெரிக்கச் சந்தைக்குப் பயந்த படம்தான் அது.

கொட்டகை ராசா:

வெட்டினார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதே படத்தில் ஒரு மதுக்கடைக் காட்சி இருக்கிறதே, அதை ஏன் விட்டுவிட்டாய்? முதலாளியும் ஷோஷோவும் லண்டனின் ஏழைப் பகுதியில் ஒரு கடைக்குப் போகிறார்கள். அங்கே ஒரு வெள்ளைக்காரப் பெண் கறுப்பின இளைஞனோடு ஆடுகிறாள். கடைக்காரர் ஆட்டத்தை நிறுத்தி அவனை விரட்டுகிறார். கூட்டம் அந்தப் பெண்ணைச் சுற்றிக்கொண்டு கத்துகிறது. இதை இருவரும் பார்த்துக்கொண்டே நிற்கிறார்கள். தங்களுக்கும் இதுதான் நடக்கும் என்று அவர்களுக்கும் தெரிகிறது, நமக்கும் தெரிகிறது. தணிக்கைக்குப் பயந்து முத்தத்தை வெட்டிய படம் இந்தக் காட்சியை முழுசாக வைத்திருக்கிறது. மாயக்காரி கதை எடுக்க நினைத்த ஆளுக்கு இந்தக் காட்சி எதற்கு?

ரீல்பெட்டி:

இருவரும் மூச்சு வாங்குங்கள். பேசும்படம் வந்தபோது இவருக்கு என்ன ஆயிற்று என்பதை யாராவது சொல்லுங்கள். 'குரல் சரியில்லாமல் வீழ்ந்த மௌனப்பட நட்சத்திரம்' கதை இவருக்குப் பொருந்துமா?

நிலாமுற்றம்:

பொருந்தாது. ஆனால் அடி விழுந்தது. 1929இல் லண்டன் மேடையில் ஒரு சீன நாடகத்தில் நடித்தார், கூட நடித்தவர் இளைஞர் லாரன்ஸ் ஆலிவியே. விமர்சகர்கள் குரலைக் கேட்டுக் கிண்டல் செய்தார்கள். ஏனாம்? கலிஃபோர்னியா உச்சரிப்பு! சீனத்து மர்ம மங்கை வாயைத் திறந்தால் லாஸ் ஏஞ்சலஸ் பெண் பேசுகிறாள். மௌனப் படத்தில் அந்தச் சிக்கல் இல்லை. பார்ப்பவர் தனக்கு வேண்டிய குரலை அந்த முகத்தில் வைத்துக்கொள்ளலாம். இவர் சளைக்கவில்லை. பணம் கொடுத்து ஆசிரியர் வைத்து ஆங்கில உச்சரிப்பை மாற்றிக்கொண்டார்.

அடுத்த வருடமே 'ஹை டாங்'. அப்போது டப்பிங் சரியாக வரவில்லை, ஒரே செட்டில் ஒவ்வொரு மொழிக்கும் தனித்தனியாகப் படம் எடுப்பார்கள். நாயகர்கள் மொழிக்கு மொழி மாறினார்கள். ஜெர்மன், பிரெஞ்சு, ஆங்கிலம் மூன்றிலும் வோங் தானே பேசி நடித்தார். குரல் போனதால் வீழ்ந்தார் என்று இவரைப் பற்றி யாரும் சொல்ல முடியாது.

வைகைக்கரை:

அப்படியே ஹாலிவுட்டுக்குத் திரும்பியதும் என்ன கிடைத்தது என்றும் சொல்லுங்கள் அக்கா. 1931இல் 'டாட்டர் ஆஃப் த டிராகன்', நாவல்களில் வரும் சீன வில்லன் ஃபூ மாஞ்சுவின் மகள் வேடம். வோங்தான் படத்தைத் தாங்குபவர், சம்பளம் 6,000 டாலர். சீனர் வேடம் கட்டிய ஸ்வீடன்காரர் வார்னர் ஓலாண்டுக்குக் கொஞ்ச நேரக் காட்சிகளுக்கு 12,000.

கொட்டகை ராசா:

அந்தப் படத்துக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். ஆனால் 'ஷாங்காய் எக்ஸ்பிரஸ்' (1932) எனக்குத்தான் சாட்சி. டீட்ரிச் அதில் பேசிக்கொண்டே இருப்பார். ஹூய் ஃபெய்யாக வரும் வோங் ரயில் பெட்டியில் உட்கார்ந்து சீட்டு விளையாடுவார், கிராமபோன் பெட்டியில் பாட்டுப் போடுவார், அளந்து நாலு வார்த்தை பேசுவார். தன்னைக் கெடுத்தவனைக் குத்திவிட்டு வெளியே வரும்போதும் முகத்தில் ஒரு கலக்கம் தெரியாது. மௌனப் படத்தில் கற்ற வித்தையைப் பேசும்படத்துக்குள் கொண்டுவந்து வைத்துவிட்டார்.

நிலாமுற்றம்:

சீனாவில் அந்தப் படத்துக்கு எவ்வளவு எதிர்ப்பு தெரியுமா? நாட்டையே அவமானப்படுத்திவிட்டார் என்று பத்திரிகைகள் எழுதின. 'த குட் எர்த்' விஷயத்திலும் இது உண்டு. முக்கியமாக வேலை செய்தது முத்தக் கணக்குதான். நாயகன் பால் முனி என்று ஆனவுடன் மனைவியும் வெள்ளைக்காரியாக வேண்டும். ஆனால் எம்ஜிஎம்முக்கு ஆலோசனை சொன்ன சீனத் தரப்பும் வோங் வேண்டாம், அவர் பெயர் எங்கள் நாட்டில் கெட்டிருக்கிறது என்றது. இரண்டு பக்கமும் கதவு அடைத்தாயிற்று. தாமரை என்ற ஆசைநாயகி வேடத்துக்குப் பேச்சு வந்தபோது, எல்லா அமெரிக்கர்களும் சீனர்களாக நடிக்கும் படத்தில் சீன ரத்தம் உள்ள என்னிடம் அந்த ஒரு கெட்ட வேடத்தைத் தருகிறீர்களா என்று மறுத்துவிட்டார். அது டில்லி லாஷ் என்ற ஆஸ்திரிய நாட்டியக்காரிக்குப் போனது.

1936இல் முதல்முறையாகச் சீனா போனார். ஷாங்காயில் வரவேற்பு, வேறு இடத்தில் திட்டு. தைஷான் பக்கத்துச் சொந்தக் கிராமத்துக்கும் போய்த் தன் அப்பாவைப் பார்த்தார், அவர் அதற்குள் அங்கே போய்விட்டிருந்தார். திரும்பி வந்தபின் 'டாட்டர் ஆஃப் ஷாங்காய்' (1937). துப்பறியும் நாயகி, கூட கொரிய வம்சாவளி ஃபிலிப் ஆன். இரண்டு ஆசியர்கள் நல்லவர்களாக வந்து கடைசியில் கல்யாணம் பேசும் படம். வைகை தம்பி, இதில் சாகவில்லை, குறித்துக்கொள்.

போர்க்காலத்தில் சீன நிவாரணத்துக்காக உடைகளை ஏலம் விட்டார், பட ஊதியத்தைக் கொடுத்தார். 1943இல் அப்போதைய சீனத் தலைவர் சியாங் காய் ஷேக்கின் மனைவி ஹாலிவுட்டுக்கு வந்தபோது பெரிய நட்சத்திரங்கள் எல்லோரும் மேடையில். இவருக்கு அழைப்பு இல்லை.

கடைசி பெஞ்சு:

அட கொடுமையே. கடைசிக் காலம் எப்படி?

ரீல்பெட்டி:

1951இல் டூமாண்ட் தொலைக்காட்சியில் 'மேடம் லியு சோங்' என்று தன் நிஜப் பெயரையே பாத்திரத்துக்கு வைத்து ஒரு தொடர். ஓவியங்களும் பழம்பொருட்களும் விற்பவர், துப்பும் துலக்குவார். ஆசிய வம்சாவளியினர் தலைமை வேடத்தில் நடித்த முதல் அமெரிக்கத் தொடர் அது. ஒரு பகுதிகூட மிஞ்சவில்லை. டூமாண்ட்டின் பதிவுகள் 1970களில் நியூயார்க் துறைமுகப் பக்கம் தண்ணீரில் கொட்டப்பட்டதாகச் சொல்கிறார்கள். மௌனப் படங்களுக்கும் அதே கதிதான், அமெரிக்க முழுநீள மௌனப் படங்களில் சுமார் 70 விழுக்காடு அடியோடு தொலைந்துவிட்டன என்கிறது அந்நாட்டு நாடாளுமன்ற நூலகம்.

1961 பிப்ரவரி 3, சான்டா மோனிகா வீட்டில் மாரடைப்பு. வயது 56. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 2022இல் அமெரிக்கக் கால் டாலர் நாணயத்தில் இவர் முகம் வந்தது.

வைகைக்கரை:

அந்த நாணயச் செய்தியில்கூடப் பத்திரிகைகள் 'த குட் எர்த்' கதையை விடவில்லை. இந்த ஒன்றில் ராசா அண்ணன் பக்கம் நியாயம் இருக்கிறது. மாயக்காரி விஷயத்தில் என் கட்சி மாறாது.

கடைசி பெஞ்சு:

எதிலிருந்து பார்க்கத் தொடங்கலாம்?

கொட்டகை ராசா:

'த டோல் ஆஃப் த சீ' ஒரு மணி நேரம்கூட இல்லை, காப்புரிமையும் கிடையாது, இணையத்திலேயே கிடைக்கும். முதலில் அது. பிறகு பிக்கடில்லி. அதற்குப் பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிடியூட் சீரமைத்த பிரதியைத் தேடுங்கள். இணையத்தில் கிடைக்கும் மங்கலான பிரதிகளில் அந்தக் கண் அசைவு எதுவும் தெரியாது. நீல் பிராண்ட் போட்ட ஜாஸ் இசை அதில் சேர்ந்திருக்கும்.

ரீல்பெட்டி:

அந்த இசை எனக்குக் கொஞ்சம் சத்தம் அதிகம். அதற்குத் தனி இழை தொடங்குகிறேன், வந்து திட்டுங்கள்.